நயம் பாராட்டுக

'உன் வளி பார்த்திருப்பேன்' – இவ்வரியின் நயத்தைப் பாராட்டுக. நான்காவது கேள்வி, பத்து மதிப்பெண். தங்கமாரி ஏழாவது தடவையாக அதை வாசித்துவிட்டுப் பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள், கால் பெருவிரலால் சேலைத் தொட்டிலை இன்னொரு தள்ளுத் தள்ளினாள். கொக்கியில் கயிறு முனகியது. மகிழினி தூங்கவில்லை, சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து காற்றைப் பிசைந்தது. மணி மூன்று. நாலரைக்கு நூலகத்தில் இருக்கவேண்டும், நாலரைக்கு அவன் வருவான். அவன் என்று நினைக்கக் கூடாது, எழுத்தாளர் வருகிறார் என்று நினைக்கவேண்டும். நூலகர் அமலோற்பவம் மேடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார், தலைக்குக் குளித்துவிட்டு வாங்க, நல்ல சேலை கட்டிட்டு வாங்க, எழுத்தாளரே உங்க நோட்டை எல்லாம் வாங்கி மைக்கில் வாசித்து, கையோடு சிவப்புப் பேனாவில் மார்க் போட்டுத் தரப்போகிறார், யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை என்று. எட்டாவது தனித்தேர்வு எழுதப்போகிற பன்னிரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டார்கள், தங்கமாரியும் சிரித்தாள், சிரித்த வாய் வீடு வந்து சேரும்வரை வலித்தது. சிவப்புப் பேனா. அந்த மனுசன் கையில் சிவப்புப் பேனாவை யார் கொடுத்தாலும் விளங்காது, அது மேடத்துக்குத் தெரியாது. முதல் மூன்று கேள்விக்கும் எழுதியாகிவிட்டது, நாயகன் பெயர் என்ன, நாயகி எந்த ஊருக்குப் போகிறாள், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது எது. சுவர். சுவர் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டாள். ஒரு சொல்லில் விடை தருக என்றுதானே கேட்டிருக்கிறது, அந்தச் சுவரைப் பற்றி ஒரு சொல்லுக்கு மேல் இவளிடம் யார் கேட்கப்போகிறார்கள்.

புத்தகம் மடியில் கிடந்தது. அட்டையில் இரண்டு ஜன்னல், இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு புறா, கீழே கதிர் ஈசன் என்று பெயர். கதிரேசன் என்ற பெயரை எலுமிச்சம்பழம் மாதிரி இரண்டாக அறுத்து வைத்திருக்கிறான். அருப்புக்கோட்டை வளவுக்குள் பதினேழு குடித்தனமும் அவனைக் கதிரேசு என்றுதான் கூப்பிடும், டேய் கதிரேசு தண்ணி வந்திருச்சுடா என்று. இளையோர் நாவல் என்று போட்டிருக்கிறது. படிக்கச் சுலபமாக இருக்கும், பெரிய எழுத்து, உங்களுக்குத் தோதுப்படும் என்று மேடம்தான் வாரத்துக்குப் பத்துப் பக்கம் பிரித்துக் கொடுத்தார். முதல் வாரம் தங்கமாரிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. யாரோ நிலவனாம், பக்கத்து வீட்டில் மிருதுளாவாம், மிருதுளாவின் அப்பா பேங்க் மேனேஜராம், அவள் வீணை வாசிப்பாளாம், நிலவன் சத்தம் போட்டுப் பாடம் படிக்க அவள் சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்பாளாம். அந்த இடத்தில்தான் முதல் முள் குத்தியது. மூன்றாம் வாரம் மிருதுளா மெட்ராஸ் போகிறாள், ரயில் நகரும்போது நிலவன் சொல்கிறான், உன் வளி பார்த்திருப்பேன். வகுப்பில் மேடம் வாசிப்பதை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே விளக்கினார், வளி என்றால் காற்று, வழி பார்த்திருப்பேன் என்று எல்லாரும்தான் எழுதுவார்கள், இவர் வளி என்று எழுதுகிறார் பாருங்கள், நீ வரும் பாதையை மட்டுமா, உன் மேல் பட்டு வரும் காற்றுக்கும் காத்திருப்பேன் என்கிறார், ஒரே எழுத்தில் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் பாருங்கள். ரஹ்மத் அக்கா, மூன்று பிள்ளை பெற்றவள், எனக்கு இப்படி ஒருத்தன் எழுதியிருந்தா நான் ஏன் பிரியாணிச் சட்டியத் தேச்சுக்கிட்டு இருக்கேன் என்று பெருமூச்சு விட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். தங்கமாரிக்குக் காது அடைத்துப்போனது. மேடம் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்து பக்கம் பக்கமாகத் தேடினாள், தான் எங்காவது இருக்கிறோமா என்று. இருந்தாள். ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் மாரி என்று ஒரு தண்ணீர் தூக்கும் பெண், எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாளாம், மிருதுளாவின் கடிதத்தை நிலவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், அவ்வளவுதான், ஐந்து வரி, அதற்கப்புறம் புத்தகத்தில் அவளைக் காணோம். இவள் எழுதிய கடிதத்துக்கு இவளையே தபால்காரி ஆக்கிவிட்டான்.

தொட்டில் நின்றுவிட்டது போல, பிள்ளை சிணுங்கியது. தள்ளினாள். சுவர் என்றால் என்ன சுவர். வளவு வீடுகளுக்கு நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகாது, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் நின்றுவிடும், மேலே வெறும் இருட்டு, இந்த வீட்டுத் தாளிப்பு அந்த வீட்டில் தும்மல், அந்த வீட்டுச் சண்டை இந்த வீட்டில் தூக்கம் கெடும். அவன் பத்தாவது, இவள் எட்டாவது. சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் ஆரம்பிப்பான், முன்னும் பின்னும் நடந்துகொண்டே, தொண்டை நரம்பு புடைக்க. இவள் அந்தப் பக்கம் சட்டி விளக்கிக்கொண்டோ, ஈர விறகை ஊதிக்கொண்டோ கேட்பாள். பானிபட் போர், அமிலம் காரம், வளிமண்டலம் ஐந்து அடுக்குகளைக் கொண்டது. அவன் குரலில் அந்த வளிமண்டலம் எத்தனை அழகாக இருந்தது. ஐந்து அடுக்கையும் இன்றைக்கும் சொல்வாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவன் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, காதால் படித்தாள். அங்கேதான் எல்லாக் கேடும். அவன் வாயில் ழ வராது. வளவில் யார் வாயிலும் வராது, மளை, வாளைப்பளம், கோளி, ஆனால் மற்றவர்கள் பேச்சிலிருந்து இவள் எழுத்துக் கற்றுக்கொள்ளவில்லை, அவன் பேச்சிலிருந்து கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடம் போற வளியில என்பான், வளிமண்டலம் என்பான், இரண்டும் ஒரே வளி. வளிமண்டலத்துக்குப் பள்ளிக்கு வருகிற ள என்று வகுப்பில் போர்டில் பார்த்தபோது, அப்படியானால் எல்லா வளிக்கும் இதுதான் என்று மனசில் முடிச்சுப் போட்டுவிட்டாள். அவன் சொன்னது தப்பாக இருக்கும் என்று தோன்றவேயில்லை. பதிமூன்று வயசில் அப்படித் தோன்றினால்தான் அதிசயம்.

நாலே வரி. ரஃப் நோட்டில் நடுத்தாள் கிழித்து எழுதினாள். அண்ணே என்றுதான் கூப்பிடுவது, அதை எழுத முடியாது, பெயரையும் எழுத வெட்கம், அதனால் தலையில்லாமல் ஆரம்பித்தாள். நீங்க சத்தமா படிக்கிறத சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்து கேப்பேன். உங்க பாடம் எல்லாம் எனக்கு மனப்பாடம். நீங்க பெரிய படிப்பு படிச்சு வர்ற வரைக்கும் உங்க வளி பார்த்திருப்பேன். கீழே தங்கமாரி, எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு. பிரிவையும் போட்டாளே, கூறு கெட்டவள், பரீட்சைத் தாள் என்று நினைத்துக்கொண்டாளா. மடித்துச் சுவருக்கு மேலே எறிந்தாள், அந்தப் பக்கம் விழுகிற சத்தம் கேட்டது, அதைப் போல ஒரு சத்தம் அதற்கப்புறம் கேட்கவில்லை. மறுநாள் விடியக்காலை குடத்தோடு தண்ணீர்த் தொட்டிக்குப் போனபோது தொட்டிச் சுவரில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது. சிவப்பு மையில் வளியைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் அவன் கையெழுத்து, வளி அல்ல, வழி. எழுத்துப் பிழை. பத்துக்கு மூன்று. வாத்தியார் போடுகிற மாதிரி கீழே சாய்வாக ஒரு கோடு. குடம் நிரம்பி வழிந்து காலெல்லாம் நனைந்த பிறகுதான் பின்னால் ஆட்கள் நிற்பது தெரிந்தது. சாயப்பட்டறைக்குக் கிளம்பிய அப்பா எதுக்குக் கூட்டம் என்று வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கூட்டத்தில் சட்டையில்லாமல் பல் விளக்கிக்கொண்டு அவனும் நின்றான். அப்பா அவனைத்தான் கூப்பிட்டார், படிக்கிற பிள்ளை என்று. நீயே வாசிப்பா, என்ன போட்டிருக்கு என்றார். அவன் வாய் நுரையைத் துப்பிவிட்டு வாசித்தான், அத்தனை பேர் முன்னாலும், நிறுத்தி நிதானமாக, பாடம் படிக்கிற அதே குரலில். வாசித்துவிட்டு இதுல எளுத்து தப்பு மாமா என்றான். அப்பாவுக்கு என்ன தப்பு என்று புரியவில்லை, கேட்டதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை, அவன் வாயில்தான் இரண்டும் ஒன்றாயிற்றே, கடைசியில் வாசித்த பெயர் மட்டும் புரிந்தது. மெதுவாகத் தாளைப் பிய்த்தார், கிழியாமல், நீலச் சாயம் ஏறிய விரலால். பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் பெயரை எடுத்துவிட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை, இனி போகவேணாம் என்று மட்டும். அப்புறம் வளவுப் பையன்கள் இவளைப் பார்த்தால் கன்னத்தை உப்பிக்கொள்வார்கள். வளிமண்டலம் வருதுடா, மளை உண்டு. வளிமண்டலம் போகுது, குடையை மடக்கு. கடைக்குப் போக முடியாது, குழாய்க்குப் போக முடியாது. கல்யாணத்தன்றுகூட பந்தியில் எவனோ சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது, மாப்பிள்ளை வீட்டார் என்ன என்று கேட்க, ஒண்ணுமில்லைங்க, வெயில் ஜாஸ்தி என்றார்கள்.

மார் கனத்தது, பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குடிக்கிற சத்தம் மட்டும். இந்தப் பிள்ளையை இன்றைக்கு அவன் மடியில் உட்காரவைக்கவேண்டும், எழுத்தாளர் ஐயா ஒரு போட்டோ என்று, வைக்கும்போது இடுப்புத் துணி கட்டாமல் விட்டுவிடவேண்டும், அவன் ஜிப்பா நனையவேண்டும். இல்லை, அது போதாது. புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகக் கிழித்து இட்லித் தட்டுக்கு அடியில் போடவேண்டும். நூலகப் புத்தகம், மேடம் அழுதுவிடுவார். கடிதத்தைப் பத்து நகல் எடுத்து நூலகச் சுவரெல்லாம், வாசல் கதவெல்லாம் ஒட்டவேண்டும், சோற்றுப் பருக்கையால்தான் ஒட்டவேண்டும். கடிதம் இருக்கிறது. அப்பா செத்த பிறகு ரேசன் கார்டு உறையைப் பிரித்தபோது உள்ளே நாலாக மடித்துக் கிடந்தது. பதினோரு வருசம் வாசிக்கத் தெரியாத ஒன்றை அந்த மனுசன் எதற்கு வைத்திருந்தார். மூலையில் அவர் கட்டைவிரல் நீலமாகப் பதிந்திருந்தது. சிவப்பு வட்டம் மட்டும் கொஞ்சம்கூட வெளுக்கவில்லை, நல்ல மை வாங்கியிருக்கிறான். அதை இப்போது ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய், மேடம் முன்னால், அவன் மூக்குக்கு நேராக நீட்டினால். நீட்டினால் என்ன ஆகும். அவனுக்கு ஒன்றும் ஆகாது. ஐயோ, அந்தக் குழந்தையா நீ, என்று கண் கலங்குவான், அதையும் எழுதுவான், ரெண்டாம் பாகம். இவளுக்குத்தான் ஆகும். மில்லிலிருந்து ஐந்து மணிக்கு வரும் புருசன் செந்தட்டி காதுக்கு ஆறு மணிக்குப் போய்விடும், உன் பெண்டாட்டி எழுத்தாளருக்கு லெட்டர் கொடுத்தவளாமே. நல்ல மனுசன்தான், பரீட்சை எழுது என்று ஃபாரம் வாங்கி வந்தவனே அவன்தான், ஆனால் நல்ல மனுசனுக்கும் ஒரு எல்லை இருக்கிறதே. படிக்கப்போற இடத்துல இதுதானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், இரண்டாம் தடவையும் அதே கடிதத்தால் அதே எட்டாம் வகுப்பு நின்றுபோகும். அதே கையால் இரண்டாம் தடவை. அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி. போகாவிட்டால் அவன் பதினோரு நோட்டுக்கும் மார்க் போட்டுவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விடுவான், தன்னுடைய வளியோடு. அது அவனுடையதில்லை. தப்பு என்னுடையது, என் தப்பு, எனக்கு அதற்குக் கொடுத்தது பத்துக்கு மூன்று.

பிள்ளை பாலை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தது. மகிழினி என்றாள். இன்னொரு தடவை, மகிழினி. இந்தப் பெயரை இவள்தான் வைத்தாள். மாமியார் பேச்சியம்மாள் என்றார், செந்தட்டி எதுவானாலும் சரி என்றான், இவள் முதல்முறையாகப் பிடிவாதம் பிடித்தாள். செந்தட்டி மகிளு என்பான், ஊரே மகிளு என்கிறது. இவள் மட்டும் ஒன்பது மாசமாகத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, யாருக்கும் கேட்காமல், நாக்கைப் பின்னால் மடித்து மேலண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்திப் பழகினாள். முதலில் எச்சில்தான் தெறித்தது. நாலாம் மாசம் ஒரு நாள் ழ வந்தது, தானாக வந்தது, பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். மழை. பழம். வழி. வளி. வழி. இரண்டும் இப்போது அவள் வாயில் வேறு வேறு. அவனுக்கு. அவனுக்கு வந்திருக்குமா. போன வாரம் மேடம் தன் போனில் அவன் பேசிய வீடியோவைப் போட்டுக் காட்டினாரே, எங்கோ கல்லூரி மேடை, முதல் காதல் என்பது, என் இளமைக்கால வாள்க்கையில், என்றான். வாள்க்கை. தங்கமாரிக்குத் தொடையில் பிள்ளை கனம் மறந்துபோனது. வாள்க்கை என்றானே. வாசிக்கப்போவதும் அவன்தானே, மைக்கில், ஒவ்வொரு நோட்டாக. அத்தனை பேர் முன்னாலும், நிறுத்தி நிதானமாக. கடிதம் வேண்டாம். அது ரேசன் கார்டு உறைக்குள்ளேயே கிடக்கட்டும், அப்பா விரலோடு. பேனாவைத் திறந்தாள். நான்காவது கேள்விக்குக் கீழே, இடம் விட்டு, அழகாக, ஒரே வரி எழுதினாள். கீழே சாய்வாக ஒரு கோடு போட்டாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள்.

நூலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அவன் பெருத்திருந்தான், அதற்குள் காதோரம் நரை, கழுத்தில் துண்டு. இவளைப் பார்த்தான், பார்வை ஒரு நாற்காலியைத் தாண்டுவது போல இவளைத் தாண்டிப் போயிற்று. அந்த வரி எப்படிச் சார் வந்தது என்று ரஹ்மத் அக்கா கேட்க, ஒரு அதிகாலையில் அதுவாக வந்தது, நான் எழுதவில்லை, என் மூலமாக எழுதப்பட்டது என்றான். அதிலே மட்டும் பொய்யில்லை என்று தங்கமாரி நினைத்துக்கொண்டாள். நோட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி மைக்கில் வாசித்தான், சிரித்தான், சிவப்பில் எட்டு, ஏழு என்று போட்டான், ரஹ்மத் அக்காவுக்கு ஒன்பது. இவள் முறை வந்தது. இடுப்பில் பிள்ளையோடு எழுந்து போய் நீட்டினாள். அவன் விரித்தான். சிவப்புப் பேனா பழக்கத்தில் தாளுக்கு இறங்கி, அந்த ஒரு வரிக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தான். மெதுவாகத் தலையை நிமிர்த்தினான். முகத்தைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், மறுபடி முகத்தை. தங்கமாரிக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை.

"வாசிங்க சார்," என்றார் மேடம். "இவ வாயே திறக்க மாட்டா, நோட்டுலயாவது என்ன சொல்லியிருக்கான்னு கேப்போம்."

அவன் நோட்டை அவளிடமே நீட்டினான். "நீங்க... நீங்களே வாசிங்களேன்."

"நீங்களே வாசிங்க," என்றாள்.

பதினோரு பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் மைக்கைக் கிட்ட இழுத்தான்.

"வளி அல்ல... வளி."

சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டியும் அதையே சொன்னது. ரஹ்மத் அக்காதான் ஆரம்பித்தாள். "என்ன சார், ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை முயன்றான், நாக்கை எங்கோ கொண்டுபோய் வைத்தான், அது ளவும் இல்லாமல் யவும் இல்லாமல் வழுக்கியது, அந்தப் பதற்றத்திலேயே அடுத்ததையும் வாசித்துவிட்டான், எளுத்துப் பிளை என்று. இப்போது மேடமே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு வட்டமாகச் சுற்றி வந்தது. பத்துக்கு மூன்று என்பதை அவன் வாசிக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது, அது அவளுக்குத் தெரிந்தது, அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

"வழி," என்றாள் தங்கமாரி. பிள்ளைக்குச் சொல்வதைப் போல, சத்தம் கூட்டாமல், சுத்தமாக. மைக் அதை எடுத்துச் சுவரெல்லாம் ஒட்டியது. இடுப்பிலிருந்த மகிழினி தன் பெயர்தான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தது.

அவன் குனிந்துகொண்டான். ஏதாவது எழுதியாகவேண்டும், எல்லாரும் பார்க்கிறார்கள். எல்லா நோட்டிலும் எழுதியது போல வாழ்த்துகளுடன் என்று போட்டான், எழுத்தில் ழ சரியாக வந்தது. அடுத்து பெயர் எழுதவேண்டும். பேனா நின்றது. நிமிராமல், தெரியாதவனைப் போல, தணிந்த குரலில் கேட்டான்.

"பேர் என்னன்னு போட?"

"வளிமண்டலம்னு போடுங்க," என்றாள். "பள்ளிக்கு வர்ற ள."